மைனஸ் பன்னெண்டுங்ணா

எங்கள் கோவைப் பக்கத்தில் டெக்கன் என்ற சண்டை வீடியோ கேம் ஆடுகிறவர்கள் எதிராளியை 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். ஒரு ரவுண்டு முழுக்கச் சுவரோடு ஒட்ட வைத்துச் சாத்திவிட்டு, திரையில் 'கே.ஓ.' விழுந்த கையோடு, "ஏனுங்ணா, கீழ அடி வர்றது கண்ணுக்குத் தெரியலீங்களா? லைட்டு வேணும்னா போடட்டுங்களா?" என்பார்கள். கேட்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. நிஜமாகவே எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்து உட்காருவார். தோற்றவருக்குக் கோபப்படவும் வழியில்லை. அக்கறையாகக் கேட்டவரிடம் எப்படிக் கோபப்படுவது?

ஆன்லைனில் ஹெட்செட் மாட்டி ஆடினால் காதில் விழும் வசவுகள் வேறு ரகம். அம்மாவில் ஆரம்பித்து அம்மாவிலேயே முடியும். எங்கள் கூட்டத்தில் அது அபூர்வம். நாங்கள் உத்தமர்கள் என்பதால் இல்லை. பத்தாம் வகுப்புப் பையனும் இருக்கிறான், தறி ஓட்டி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவரும் இருக்கிறார். இவ்வளவு வயது வித்தியாசத்தில் 'வாடா போடா' நாக்கில் வராது. மரியாதை அப்படியே இருக்கும், குசும்பு அதற்குள் புகுந்துகொள்ளும். "பரவால்லீங்க, அடுத்த ரவுண்டுல சித்த நேரம் உயிரோட இருங்க" என்று ஒருவர் சொன்னால், அதை நினைத்துக்கொண்டே அடுத்த ரவுண்டையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து பீளமேட்டுக் கல்லூரிக்குப் படிக்க வந்த பையன் ஒருவன் ஆரம்பத்தில் இதெல்லாம் உண்மையான மரியாதை என்றே நம்பிக்கொண்டிருந்தான். கீழே வரும் உதையை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவர் "நல்லாத் தடுக்கறீங்க தம்பி" என்பார். இவன் "தேங்க்ஸ்ணா" என்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள், அதுதான் கொடுமை. பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது. இப்போது எங்களையெல்லாம் விடச் சுத்தமாக 'ங்க' போட்டுப் பேசுகிறான், கேட்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

நாங்கள் கூடும் இடம் கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே உள்ள அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும். கீழே காயில் சுற்றும் வார்னிஷ் வாசனை ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை. இரண்டு மானிட்டர், ஒரு பி.எஸ்.5, ஒரு கணினி, பிளாஸ்டிக் நாற்காலிகள். திருப்பூர், சோமனூர், பொள்ளாச்சி என்று பல ஊர்களிலிருந்து வருவார்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம், அதனால் அன்றைக்கு டீச்செலவு அவர்கள் தலையில். நிஜப்பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. டெக்கனில் கிங் என்ற கேரக்டரை ஆடுகிறவர் 'கிங்கண்ணன்', பால் என்ற கேரக்டரை ஆடுகிற பொடியன் 'பாலு', பல்லடத்திலிருந்து வருகிறவர் 'பல்லடத்துக்காரர்'. ஒருமுறை கிங்கண்ணன் வீட்டுப் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது யாருங்க?" என்று ஒருவர் அவரிடமே கேட்டார்.

ஆட்டம் என்று பார்த்தால் ஒரு ரவுண்டு ஒரு நிமிடம்கூட நீடிக்காது. மீதி நேரமெல்லாம் பழமைதான், எங்கள் பக்கத்தில் பேச்சுக்கு அதுதான் பெயர். யார் அடுத்து உட்காருவது, ஏன் தோற்றது, அந்தக் கேரக்டரை ஏன் தடை செய்ய வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதில் பெரும்பங்கு தோற்றவர்கள் சொல்லும் சாக்கு. கண்ட்ரோலர் சரியில்லை, எக்ஸ் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, ஃபேன் காற்று கண்ணில் அடிக்கிறது, கை வேர்த்துவிட்டது, பசி, அப்புறம் எல்லோருக்கும் பிடித்த 'லேக்'. இதில் ஒரே ஒரு சாக்கு மட்டும் சில சமயம் உண்மையாக இருக்கும், அது டிவி. சில டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் வைத்திருந்துதான் திரைக்கு அனுப்பும். பொத்தான் அழுத்தியதற்கும் கை நீள்வதற்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். 'கேம் மோட்' போட்டால் அந்த மெருகெல்லாம் நின்று படம் உடனே வரும். எனவே எங்கள் அறையில் "லேக் அடிக்குதுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் ரிமோட்டைத் தேடுவோம். கேம் மோட் போட்டிருந்தால் அதோடு அவர் கதை முடிந்தது. "செரி, இப்ப காரணத்தச் சொல்லுங்க" என்பார்கள்.

பேச்சு சூடேறினால் எண்களில் போய் நிற்கும். டெக்கனும் அதே ரகமான ஸ்ட்ரீட் ஃபைட்டரும் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு: எத்தனை ஃபிரேமில் அடி எதிராளியைத் தொடும், தடுத்துவிட்டால் அடித்தவர் எத்தனை ஃபிரேம் தாமதமாகச் சுதாரிப்பார் என்று. டெக்கனில் சாதாரணக் குத்து 10 ஃபிரேமில் வரும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. நீங்கள் போட்ட உதையை நான் தடுத்துவிட்டேன், அது உங்களை 12 ஃபிரேம் பின்தங்க வைக்கிற உதை என்றால், உங்கள் கை கால் திரும்புவதற்குள் என் குத்து வந்து விழும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதைத்தான் 'மைனஸ் பன்னெண்டு' என்போம். கீழே வருகிற அடிகளில் நிறைய, கண்ணால் பார்த்துத் தடுக்க முடியாத வேகம். சில அப்படியில்லை. பிரையன் என்ற கேரக்டர் போடும் 'ஸ்நேக் எட்ஜ்' உதை ஏறக்குறைய அரை நொடி எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வரும். அதைத் தடுக்காமல் காலை வாரவிட்டு அந்தரத்தில் பறந்தால் அந்த ஞாயிறு முழுக்க உங்களுக்கு மதிப்பில்லை.

தெருமுனை பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக நின்று இந்த எண்களைப் பேசுவோம். "அது மைனஸ் பன்னெண்டுங்ணா." "இல்லீங்க, பதிமூணு." "பழசுல பன்னெண்டு, இப்பப் பதிமூணாக்கிட்டாங்க." டீ மாஸ்டர் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "இத்தன சின்ன வயசுல இவ்வளவு பவரா? ஆபரேசன் பண்ணிக்கங்க தம்பி" என்றார். அவர் நினைத்தது கண்ணாடிப் பவர். யாரும் திருத்தவில்லை. பாலு மட்டும், "ஆமாங்ணா, கீழ வர்றதே தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் பன்னைக் கடித்தான்.

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜெயித்தவர் எப்படி ஜெயித்தேன் என்று சொல்லியாக வேண்டும். கேட்டால் மறைக்கக் கூடாது. இந்தச் சட்டம் எல்லா ஊரிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தான் கண்டுபிடித்த வித்தையைப் போட்டி நாள் வரை பொத்தி வைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. என் கட்சி கிங்கண்ணன் கட்சி. அவர் கணக்கு மொய் நோட்டுக் கணக்கு: இன்றைக்கு நான் உங்களுக்கு ஒன்று சொன்னால், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் அதோடு கொஞ்சம் சேர்த்துத்தான் திருப்பி வைப்பீர்கள். நான் சொன்ன வித்தையை நீங்கள் முறியடிக்கக் கற்றுக்கொள்வீர்கள். அடுத்த மாதம் அதுவே எனக்கு வேலை செய்யாது. நான் புதிதாக ஒன்று தேடியாக வேண்டும்.

கிங் ஜாகுவார் முகமூடி போட்ட மல்யுத்தக்காரன். பிடித்துத் தூக்கி அடிப்பதுதான் அவன் தொழில். புதிதாக ஆடுகிறவர்கள் அவனிடம் சிக்கினால் எழுந்திருக்கவே முடியாது. கிங்கண்ணன் யாரிடமாவது பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துவிட்டால் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்துவார். டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைப்பார். எதிரே இருப்பவர் முகத்துக்கு நேராக இடது கையை நீட்டுவார். "இடது கை முன்னால வந்தா இடது குத்துப் பொத்தான்." வலது கை நீளும். "வலதுக்கு வலது." இரண்டு கையையும் விரித்து, கட்டிப்பிடிக்க வருவது போலச் சாய்வார். "ரெண்டும் வந்தா ரெண்டையும் அமுக்கோணும். பொத்தானப் பாக்காதீங்க, என்ற கையப் பாருங்க." பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றை வெளியே எடுப்பார். கற்றுக்கொள்கிறவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். அரை நொடிகூடக் கிடையாது. பக்கத்து மேசையில் காளான் தின்றுகொண்டிருந்த குடும்பம் இதைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தது.

இப்படி ஒரு கூட்டம் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் கிடந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லாகூர் சாட்சி. அர்ஸ்லான் ஆஷ் என்ற லாகூர் ஆட்டக்காரரின் பெயரை 2019க்கு முன்னால் வெளியே தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். அந்த ஆண்டு பிப்ரவரியில் விசா, விமானச் சிக்கல்களையெல்லாம் தாண்டி ஃபுகுவோகாவுக்குப் போய், எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியின் ஜப்பான் பதிப்பில் டெக்கன் 7 பட்டத்தைத் தட்டினார். தன் நாட்டில் தன்னளவுக்கு ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார். பலர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த எவோவின் இறுதிப் போட்டியில் கொரியாவின் 'நீ' என்ற ஜாம்பவானையும் தோற்கடித்துவிட்டார். எங்கள் அறையில் இந்தக் கதை அடிக்கடி வரும். பெரும்பாலும் நாங்கள் ஏன் அப்படி ஆகவில்லை என்ற கேள்வியோடு வரும். பல்லடத்துக்காரர் இதற்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "அங்க தினமும் ஆடறாங்க. நாம ஞாயித்துக்கெழம பன்னு திங்கறோம்." எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. லாகூரில் காசு கொடுத்து ஆடும் ஆர்கேட் கடைகளில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 ஆடிய தலைமுறை, கடையை விட்டு வெளியே போகாமல் அடுத்த ஆட்டத்துக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்தது. எங்களுக்கு அந்தத் தொடர்ச்சி நடுவில் அறுந்துவிட்டது.

எங்கள் ஊர்களிலும் கடைகள் இருந்தன. ஒரு ரூபாய்க் காசு போடும் பெட்டிகள். டைனோசர் வரும் அந்த ஆட்டத்தை யாரும் அதன் பெயரில் சொன்னதில்லை, அதில் வரும் ஆளின் பெயரை வைத்து 'முஸ்தபா கேம்' என்றுதான் தமிழ்நாடு முழுக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ கத்துவது எங்கள் காதில் 'ஆடுகே' என்று விழுந்தது, இன்றைக்கும் சிலருக்கு அது ஆடுகேதான். அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று பிளேஸ்டேஷன் வைத்த கடைகள் வந்தன. டெக்கன் 3இல் எட்டி என்ற கேரக்டரை எடுத்துக்கொண்டு இரண்டு உதைப் பொத்தான்களையும் மாறி மாறி நொறுக்கினால் அவன் கப்போயிரா என்ற பிரேசில் நடனச் சண்டை ஆடித் தானாகவே ஜெயித்துக் கொடுப்பான். அதற்காக அடிதடி வரை போயிருக்கிறது. கடைக்காரரே "எட்டி எடுக்கக் கூடாது" என்று சுவரில் எழுதி வைத்த ஊர் உண்டு என்று பொள்ளாச்சிக்காரர் சத்தியம் செய்கிறார். நம்புகிறேன், ஏனென்றால் 2024 ஏப்ரலில் எட்டி டெக்கன் 8க்குத் திரும்பி வந்தபோது அந்தப் பழைய கோபம் அவர் முகத்தில் அப்படியே வந்து உட்கார்ந்தது. பிறகு 2012 வாக்கில் மின்வெட்டு. தறியே ஓடாதபோது கேம் கடை எப்படி ஓடும்? வீட்டுக்கு வீடு கணினியும் கைக்குக் கை போனும் வந்ததும் மிச்சமிருந்த கடைகளும் போய்ச் சேர்ந்தன.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த ஊருக்கு நிகர் இல்லை. லிவரும் பொத்தானும் வைத்த பெட்டியான ஆர்கேட் ஸ்டிக் வேண்டுமென்றால் மற்ற ஊர்க்காரர்கள் வெளிநாட்டிலிருந்து தருவித்து, சுங்கமும் கட்டிவிட்டு அழுவார்கள். இங்கே தெருவுக்குத் தெரு லேத். எங்களில் ஒருவர் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறையில் வேலை செய்கிறார். லிவர் மட்டும் ஜப்பான் சான்வாவிலிருந்து வாங்கினார். மீதியெல்லாம் இங்கேயே. 18 மில்லி பிளைவுட்டில் பெட்டி. பொத்தானுக்கு 30 மில்லி ஓட்டைகள், ஹோல் சா போட்டு எட்டு. லிவரின் தலையில் இருக்கும் 35 மில்லி உருண்டை பிளாஸ்டிக்கில் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. பித்தளையில் கடைந்து மாட்டினார். பார்க்க அம்சமாக இருந்தது. பிடித்தால் லிவர் அந்தக் கனத்தில் சுதாரித்து நடுவுக்குத் திரும்பவே நேரம் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு கசுயா என்ற கேரக்டரை ஆட முடியுமா? முன்னால் தட்டி, கையை விட்டு, கீழே, குறுக்கே என்று இழுத்து, அந்தக் குறுக்குத் திசை விழும் அதே ஃபிரேமில் வலது குத்தையும் அழுத்தினால்தான் 'எலக்ட்ரிக்' வரும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் வெறும் குத்து, மின்னல் தெறிக்காது. "நல்லா இருக்குங்ணா, கதவுக்குப் போட்டுக்கலாம்" என்றார் பல்லடத்துக்காரர். அடுத்த வாரமே நைலான் கம்பியில் கடைந்த உருண்டையோடு வந்தார். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

பொடியன்களுக்கு லிவரே வேண்டாம். எல்லாத் திசையும் பொத்தான்தான். மின்னணுப் பலகை ராஸ்ப்பெரி பை பிக்கோ, 2021இல் வந்த சின்னஞ்சிறு சாதனம், விலையும் மலிவு. அதில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றினால் கணினி அதை கண்ட்ரோலர் என்றே நம்பிவிடும். பி.எஸ்.5 அவ்வளவு சுலபத்தில் நம்பாது, அது வேறு தலைவலி. இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்பதில் ஒரு ஞாயிறு முழுக்க ஓரியாட்டம். இரண்டும் அழுந்தினால் ஆள் நகரக் கூடாது என்று பெரிய போட்டிகளில் விதி வைக்கிறார்கள். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். லிவர்க்காரர்கள் இன்னும் பொத்தான்காரர்களை 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆன்லைனில் ஆடினால் போதாதா என்று கேட்பார்கள். முன்பு போதாதுதான். இணையம் திணறினால் ஆட்டமும் சேர்ந்து திணறும். 'ரோல்பேக்' வந்தபின் நிலைமை மாறிவிட்டது. எதிராளி அழுத்தியது வந்து சேரும்வரை உங்கள் பக்கம் காத்திருக்காது, முன்பு அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பென்று தெரிந்தால் சட்டென்று பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். எவோ போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன் இதற்காக எழுதிய ஜி.ஜி.பி.ஓ. மென்பொருள்தான் வழிகாட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் கணபதியிலிருந்து சிங்கப்பூர்க்காரரோடு ஆடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரிதான் ஓடுகிறது. ஆனால் அவர் என்னை ஏன் அடித்தார், எப்படி அடித்தார் என்று கேட்க முடியாது. மூன்று ஆட்டம் முடிந்ததும் காணாமல் போய்விடுவார். ரேங்க் ஏறுகிறது, புத்தி ஏற மாட்டேன் என்கிறது. எங்களில் இருவர் வீட்டிலேயே ஆடி எங்கள் எல்லோரையும் விட உயர்ந்த ரேங்கில் இருக்கிறார்கள். நேரில் உட்கார்ந்து, "ஏனுங்க, கை நடுங்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் பொத்தான் மாறிவிடுகிறது.

இதைச் சொன்னால் உடனே யாராவது 2004 எவோவை இழுப்பார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3, தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமெஹாராவின் கென்னுக்கு உயிர் நூலிழை. ஜஸ்டின் வாங்கின் சுன்-லி 'சூப்பர்' என்ற பெரிய தாக்குதலை விடுகிறாள், 15 உதைகள். தடுத்தாலும் அந்த உரசலிலேயே உயிர் போய்விடும். டைகோ தடுக்கவில்லை. ஒவ்வோர் உதை வரும்போதும் லிவரை முன்பக்கமாகத் தட்டித் தட்டி அத்தனையையும் 'பேரி' செய்து, அதாவது உயிர் குறையாமல் விலக்கி, திருப்பி அடித்து முடித்தார். அந்தக் காணொளியில் நான் பார்ப்பது திரையை அல்ல, கேட்பது கூட்டத்தை. உதைகள் முடிவதற்கு முன்பே சத்தம் எழும்பிவிடுகிறது. அங்கே நின்றவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்பது ஒவ்வொரு தட்டுக்கும் தெரிந்திருக்கிறது. வருடக்கணக்காகப் பேசிப் பேசிப் பழகிய காதும் கண்ணும் அது. அந்தப் போட்டியின் பட்டம் டைகோவுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொடியன்கள் நம்புவதேயில்லை.

எங்கள் பேச்சில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பெண்கள் வந்தால் குசும்பு சட்டென்று நின்றுவிடுகிறது. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஒரு பெண் லில்லி ஆடுவார், கை அவ்வளவு வேகம். அவர் வந்த புதிதில் எல்லோரும் பொட்டுப் பேச்சில்லாமல் ஆடினோம். தோற்றால் "சூப்பருங்க", ஜெயித்தால் "சூப்பருங்க". அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். அவர்தான் ஒருநாள் கிங்கண்ணனை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்துவிட்டு, "ஏனுங்ணா, கைய மாத்தி மாத்தி நீட்டுவீங்களாமா? இன்னைக்கு ரெண்டு கையும் எங்க போச்சுங்க?" என்றார். அறையே எழுந்து கத்தியது. அதன் பிறகு அவருக்கும் வஞ்சகமில்லாமல் விழுகிறது.

இப்போதைய சண்டை 'ஹீட்', கொஞ்ச நேரத்துக்குத் தாக்குதலுக்குக் கூடுதல் பலம் தரும் வசதி. 2024 ஜனவரியில் டெக்கன் 8 அதைக் கொண்டு வந்ததிலிருந்தே இரண்டு கட்சி. ஒதுங்கி நின்று, பின்வாங்கி, எதிராளி தவறும்வரை காத்திருந்து ஆடிய பழையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொத்தானில் பாய்ந்து வந்து அமுக்குகிறார்கள், யோசிக்க நேரமில்லை என்று புலம்பல். 2025 ஏப்ரலில் வந்த மாற்றங்கள் அதை இன்னும் ஏற்றிவிட, உலகம் முழுக்கவே ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். எங்கள் அறையில் பல்லடத்துக்காரர் டெக்கன் 7ஐ மறுபடியும் நிறுவச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார், வாய்மொழியாக. எனக்கு ஹீட் பிடித்திருக்கிறது. தாக்கி ஆடுகிறவனுக்கு ஆட்டம் சாதகமாக இருப்பதில் என்ன தப்பு? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிறு மதியம் கண்ட்ரோலரோடு வந்து நேரில் சொல்லலாம். என்னிடம் தோற்ற பிறகு சொன்னால் அது சாக்குக் கணக்கில்தான் ஏறும், ரிமோட் மேசை மேலேயே இருக்கிறது.